வண்ணக்கனும் கைப்பேசியும்

சங்கப் புலவருள் வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் ஒருவர். வண்ணக்கன் என்பான் நாணயத்தைச் சோதிப்பவன். காசு நல்லதுதானா என்று கண்டு சொல்வதற்கென்றே அக்காலத்தில் ஒரு தொழில் இருந்தது.

சென்ற ஆண்டு என் பழைய காரை விற்க முற்பட்டபோது அச்சொல் என் நினைவுக்கு வந்தது. வண்டியைப் பாராமலே வாங்க இசைந்த ஒருவர், முன்பணம் தருவதாகச் சொல்லி, என் கைப்பேசிக்கு ஒரு கியூஆர் படத்தை அனுப்பினார். அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை இட்டால் பணம் வந்து சேரும் என்றார்.

நம் நாட்டில் யுபிஐ முறை 2016-ஆம் ஆண்டில் தோன்றியது. அம்முறையில் ரகசிய எண், பணம் கொடுப்பவர் இடும் கையொப்பம் போன்றது. பெறுபவருக்கு அது வேண்டுவதேயில்லை. நான் அதை இட்டிருந்தால் பணம் வந்திராது, போயிருக்கும். ஆகவே மறுத்தேன். உடனே, பணம் வரவாகிவிட்டதென ஒரு குறுஞ்செய்தி வந்தது. வங்கிக் கணக்கைப் பார்த்தேன். ஒரு காசும் ஏறவில்லை.

இவ்வித்தை யுபிஐக்கு முந்தியது. அமெரிக்காவில் 1987-இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, காசோலைப் பணத்தை வாடிக்கையாளருக்குக் குறித்த நாட்களுக்குள் தருமாறு வங்கிகளைப் பணித்தது. காசோலை போலியென்று தெரியவோ சில வேளை வாரங்கள் ஆகும். கார் விற்பவருக்கு விலைக்கு மிகுதியாகப் போலிக் காசோலை தந்து, அந்த இடைவெளிக்குள் மிச்சத்தை மெய்ப்பணமாகத் திரும்பப் பெற்று மறைந்தோர் பலர்.

மாணவர்களே, பணத்தின் அறிகுறி வேறு, பணம் வேறு. இன்று நமக்கு உரைகல் நம் வங்கிக் கணக்கே. ஏமாந்தவர் நாணித் தாமதியாமல் 1930 என்னும் எண்ணுக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.