ஹல் நகரின் மறைந்த மதில்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹல் என்றொரு துறைமுக நகரம் உண்டு. அதன் பழைய கடைவீதியொன்றின் மேற்கு முனையிலே, தெருமட்டத்துக்குக் கீழே தோண்டப்பட்ட பள்ளத்தினுள், செங்கற் சுவரொன்றின் அடிப்பாகம் 1986ஆம் ஆண்டு அகழ்வின் பயனாக வெளிப்பட்டது. எட்டிப் பார்ப்போருக்கு அது பாழடைந்த நிலவறைச் சுவர் போலத் தோன்றினால் வியப்பில்லை. ஆனால், ஓர் அரசன் தன் சொந்த நாட்டு நகரத்துள் புகமாட்டாது திரும்பிச் சென்ற பெவர்லி வாயில் அதுவே.

1321ஆம் ஆண்டில் இரண்டாம் எட்வேட் மன்னன் அந்நகரத்தாருக்கு மதில் எழுப்ப உரிமை வழங்கினான். ஹல்லைச் சூழ்ந்த நிலம் வண்டல். கல் அங்கே அரிது. களிமண்ணோ வேண்டிய மட்டும் உண்டு. ஆதலின், பிற நகரங்கள் கல்லிலே மதில் எடுக்க, ஹல் நகரத்தார் செங்கல் சுட்டு அடுக்கினர். அம்மதிலுக்கு ஏறக்குறைய 47 இலட்சம் செங்கற்கள் சென்றன என்பது ஒரு கணக்கு.

1642ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் அம்மதிலுக்குச் சோதனை வந்தது. முதலாம் சாள்ஸ் மன்னனுக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே பிணக்கு முற்றியிருந்த காலம் அது. ஸ்கொட்லாந்துப் போருக்கெனத் திரட்டிய படைக்கலங்கள் ஹல்லிலே குவிந்து கிடந்தன. அவற்றை நாடி மன்னன் பெவர்லி வாயிலை அடைந்தான். பாராளுமன்றம் நியமித்த ஆளுநரான சேர் ஜோன் ஹோத்தம் கதவைத் திறக்கவில்லை. அவனைத் துரோகியென அறிவித்துவிட்டு மன்னன் திரும்பினான். ஆகஸ்டில் நொற்றிங்காமிலே போர்க்கொடி உயர்த்தினான். ஹோத்தமின் கதை அத்துடன் முடியவில்லை. பின்னர் அரசன் பக்கம் சாய முயன்று பிடிபட்ட அவன், 1645இல் பாராளுமன்றத்தின் தீர்ப்பினாலேயே தலையிழந்தான். வாயிலைக் காண வருவோருக்கு முற்பாதியை மட்டும் சொல்லி அனுப்புவது எளிது, அது வரலாறாகாது.

அரசனுக்கு வழிவிடாத மதில் வாணிகத்துக்கு வழிவிட்டது. 1774ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் அரண்நிலம் கப்பற்றுறைக் கம்பனியின் கைக்கு வந்தது. மதிலும் அகழியும் இருந்த வரிசையிலேயே 1778, 1809, 1829ஆம் ஆண்டுகளில் மூன்று கப்பற்றுறைகள் திறக்கப்பட்டன. முதலாவது துறை 1930களில் தூர்க்கப்பட்டுப் பூங்காவாயிற்று. இரண்டாவது 1983 முதல் உல்லாசப் படகுத்துறை.

இத்தகைய இடத்தை வருவோர்க்கு விளக்குவது இலகுவன்று. அன்று மக்கள் அண்ணாந்து பார்த்த வாயிலை இன்று குனிந்து பார்க்கவேண்டியிருக்கிறது. உயரமே பொருளாக இருந்த ஒன்றைப் பள்ளத்திலே காட்டினால், பார்ப்பவன் அதன் வலிமையை எங்ஙனம் உணர்வான்? அறிவிப்புப் பலகை ஒன்றினால் அக்குறை தீராது. பூங்காவிலே தொடங்கி, துறைகளின் கரையோரமாக ஹம்பர் நீர்ப்பரப்புவரை நடப்பதே நல்ல வழி. மதில் மறைந்தாலும், அது வளைந்து சென்ற தடத்தைப் பூங்காவும் நீரும் காட்டுகின்றன. அவ்வாறு நடந்தபின் வாயிலை அடைபவனுக்கு அச்சில வரிசைச் செங்கற்களும் வேறாகத் தோன்றும்.

2017இல் ஹல் பிரித்தானியாவின் பண்பாட்டு நகரமாக விளங்க இருந்தமையால், அதற்கு முன்னர் வீதிகள் புதுக்கப்பட்டன. அப்பொழுது, குப்பை சேரும் அப்பள்ளத்தை மூடிவிடலாமா என்ற கேள்வி எழுந்தது. மண்ணுக்குள் இருப்பின் செங்கல் கெடாது என்ற வாதமும் இருந்தது. அது வெறும் சாட்டன்று. 2016இல் மாநகரசபை நகரமக்களின் கருத்தைக் கேட்டது. வாயில் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்றே பெரும்பாலோர் விடையளித்தனர்.