காஞ்சிபுரத்துச் சுவரும் கணினிச் சுவரும்

கட்டடக்கலை மென்பொருளில் "சுவர்" என்ற பொத்தானை அழுத்தினால் ஒரு சுவர் வந்து நிற்கிறதே, அது யார் ஊர்ச் சுவர்? காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு பழைய நெசவாளர் வீட்டை வகுப்புக்காக அளந்துகொண்டிருந்தபோது எனக்கு இந்தச் சந்தேகம் வந்தது. அந்தக் கதை கடைசியில். முதலில் கொஞ்சம் வரலாறு, கொட்டாவி விடாமல் படியுங்கள்.

1963ல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் ஸ்கெட்ச்பேட் செய்தபோது கணினி கற்றுக்கொண்டது கோடு போடத்தான். 1982 டிசம்பரில் வந்த ஆட்டோகேடிலும் சுவர் என்று எதுவும் கிடையாது. ஒரு கோடு போட்டு, ஒன்பது அங்குலம் தள்ளி ஆஃப்செட்டில் இன்னொரு கோடு போட்டு, கதவு வரும் இடத்தில் ட்ரிம் செய்தால் அது சுவர் என்று நாம் நம்பிக்கொள்ள வேண்டும். கணினிக்கு அவை வெறும் இரண்டு கோடுகள்.

சுவரைச் சுவராகவே கணினிக்குச் சொல்லலாம் என்ற யோசனை அதற்கு முன்பே இருந்தது. 1970களின் நடுவில் சார்லஸ் ஈஸ்ட்மன் கட்டடத்தின் உறுப்புகளையே தரவாகச் சேமிக்கும் முறையை எழுதிக் காட்டினார். அதை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் புடாபெஸ்ட்காரர்கள். காபோர் போயார் 1982ல் தொடங்கிய கிராஃபிசாஃப்ட், 1984ல் ஆப்பிள் லீசா கணினிக்கு எழுதிய மென்பொருள்தான் பின்னால் ஆர்க்கிகாட் ஆனது. அமெரிக்காவில் இர்வின் யங்ரைஸ், லியோனிட் ரைஸ் இருவரும் 1997ல் தொடங்கிய நிறுவனம் 2000ல் ரெவிட்டை வெளியிட்டது. 2002ல் ஆட்டோடெஸ்க் அதை 133 மில்லியன் டாலருக்கு வாங்கியது (திருக்குறள் அதிகாரங்களின் எண்ணிக்கை! சும்மா சொன்னேன்). சுவரை நகர்த்தினால் கதவும் கூடவே நகரும், பட்டியலும் தானே மாறும். பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை.

ஆனால் சுவர் என்றால் என்ன என்று கணினிக்குச் சொல்லும்போது யாரோ ஒருவர் ஒரு வரையறை எழுதியாக வேண்டும் அல்லவா? மென்பொருள்கள் ஒன்றோடொன்று தகவல் மாற்றிக்கொள்ள ஐ.எஃப்.சி. என்று ஒரு பொதுத்தரம் இருக்கிறது. அதில் நெடுநாள் இருந்த "வழக்கமான சுவர்" என்பதன் பொருள், நீளம் முழுக்க ஒரே கனமுள்ள சுவர். உள்ளே பூச்சு, செங்கல், பூச்சு என்று படலங்கள் சாண்ட்விச் மாதிரி செங்குத்தாக நிற்கும்.

இப்போது கைலாசநாதர் கோயிலுக்கு வாருங்கள். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. அடியில் கருங்கல், மேலே மணற்கல். அங்கே சுவர் செங்குத்துப் படலங்களாகப் பிரிவதில்லை, கிடையாக அடுக்கப்படுகிறது. ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று அதிட்டானத்தில் ஒவ்வொரு வரியாக ஏறி, அதற்கு மேல் சிம்மத்தின் மீது நிற்கும் அரைத்தூண், நடுவில் கோஷ்டம், உச்சியில் கபோதம். ரெவிட்டில் "ஸ்வீப்" போட்டு குமுதத்தைச் சுவரில் ஒட்டவைக்கலாம். ஒன்றின் மேல் ஒன்றாகச் சுவர் வகைகளை அடுக்கவும் வழி உண்டு. செய்து பார்த்தேன், தூரத்தில் இருந்து பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் குமுதம் அங்கே ஒட்டப்பட்ட அலங்காரம் இல்லை, பாரம் தாங்கும் கல். இதே கோயிலை அளந்து அலெக்சாண்டர் ரீ 1909ல் பல்லவர் கட்டடக்கலை பற்றிய நூலில் வரைபடங்களாக வெளியிட்டார். கையால் வரைந்த அந்தத் தாள்களுக்குச் "சுவர்" பற்றி முன்கூட்டியே எந்தக் கருத்தும் கிடையாது. கண் பார்த்ததைப் பேனா போட்டது.

சட்டக் கருவி இன்னும் வேடிக்கை. வீட்டு வரைபட மென்பொருள்களில் ஒரே சொடுக்கில் சுவருக்குள் 16 அங்குலத்துக்கு ஒன்றாக மரக்கால்கள் வரிசையாக முளைக்கும். 1830களில் சிகாகோவில் பரவிய மெல்லிய மரச்சட்ட வீடுகளின் வாரிசு அது. பிள்ளையார்பாளையத்து வீட்டிலும் மரம் உண்டு, ஆனால் சுவருக்குள் இல்லை. சுவர் மேல் உத்திரம், அதன் மேல் பனங்கை, ரீப்பர், நாட்டு ஓடு. பனங்கையில் எந்த இரண்டும் ஒரே கனம் இல்லை.

அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு காலத்தில் குழித்தறி இருந்தது. பக்கச் சுவர் மண் சாந்தில் கட்டிய செங்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு. தெருப்பக்கம் கனம் 16½ அங்குலம், பின்பக்கம் 18. நடுவே ஒரு விளக்கு மாடம். எங்கள் ஆய்வகத்தில் இருந்த ரெவிட்டில் சுவருக்கு ஒரே ஒரு கனம்தான் கொடுக்க முடிந்தது. மாடத்தை ஜன்னல் மாதிரி வைத்தால் அடுத்த வீடு தெரிந்தது! இரவு இரண்டு மணி, காலையில் சமர்ப்பிக்க வேண்டும். 17 என்று போட்டேன். மாடத்தை விட்டுவிட்டேன். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது.

மென்பொருள்கள் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. ரெவிட் 2021 பதிப்பில் சாய்ந்த சுவர் வந்தது, 2022ல் மேலே போகப்போகக் குறுகும் சுவர். நீளவாக்கில் ஒரு முனைக்கு ஒரு கனம், மறுமுனைக்கு வேறு கனம் என்று வரைய ஆர்க்கிகாடில் சரிவகச் சுவர் இருக்கிறது. பழைய ஐரோப்பிய வீடுகளோடு மல்லுக்கட்டியவர்கள் கேட்டு வாங்கியிருப்பார்கள் என்பது என் ஊகம். நம் பக்கத்திலிருந்து விளக்கு மாடம் வேண்டும் என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

அடுத்த வருடம் அந்தத் தெருவுக்குப் போனபோது வீடு இல்லை. கான்கிரீட் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அந்த வீட்டுக்கு என்று இப்போது மிஞ்சியிருப்பது துறைக் கணினியில் இருக்கும் என் கோப்பு. அதில் சுவர் 17 அங்குலம், மாடம் இல்லை. நல்லவேளை, அளந்து எழுதிய நோட்டு என்னிடம் இருக்கிறது. செமஸ்டர் லீவில் அந்த ஒரு சுவரை மட்டும் தாளில் கையால் வரைந்து, ஸ்கேன் செய்து அதே கோப்போடு சேர்க்கப் போகிறேன்.