நிலக்கரிக்குள் லித்தியம்: எங்கிருந்து வந்தது, எங்கே தங்கியிருக்கிறது?

கைப்பேசி, மடிக்கணினி, மின்சாரக் கார் என இன்று நாம் பயன்படுத்தும் பல பொருள்கள் லித்தியம் மின்கலத்தால் இயங்குகின்றன. அந்த லித்தியத்தின் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவின் பாறைச் சுரங்கங்களிலிருந்தும், சிலி, அர்ஜெண்டினா, சீனா ஆகிய நாடுகளின் உப்பு ஏரிகளிலிருந்தும் பாறைகளிலிருந்தும் கிடைக்கிறது. தேவை கூடிவரும் நிலையில், ஆய்வாளர்கள் நிலக்கரியிலும் லித்தியத்தைத் தேடி வருகின்றனர்.

அப்படியானால் நிலக்கரியே இனி லித்தியச் சுரங்கமாகிவிடுமா? இந்தக் கேள்விக்கு விடை காண, லித்தியம் நிலக்கரியின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

எவ்வளவு இருக்கிறது?

உலக நிலக்கரியின் சராசரியை எடுத்துக்கொண்டால், ஒரு டன்னில் சுமார் 12 கிராம் லித்தியமே உண்டு. இது பூமியின் மேலோட்டுப் பாறைகளில் உள்ள சராசரி அளவைவிடவும் குறைவு. சீன நிலக்கரியில் இந்தச் சராசரி ஏறக்குறைய 32 கிராம்.

சில இடங்களில் மட்டும் அளவு வெகுவாக உயர்கிறது. சீனாவின் உள் மங்கோலியா வட்டாரத்தில் உள்ள ஜுங்கார் நிலக்கரி வயல் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்குள்ள சில சுரங்கங்களில் சராசரி அளவே ஒரு டன்னுக்கு 100 கிராமைத் தாண்டுகிறது.

கரியில் அல்ல, களிமண்ணில்

1817ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த யோகான் ஆகஸ்ட் ஆர்ஃப்வெட்சன், பெட்டலைட் என்னும் கனிமத்தில் லித்தியத்தைக் கண்டறிந்தார். ‘கல்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. அந்தப் பெயர் நிலக்கரிக்கும் பொருந்துகிறது.

நிலக்கரி முழுக்க முழுக்கக் கரி அல்ல. அதில் களிமண்ணும் பிற கனிமங்களும் கலந்துள்ளன. லித்தியத்தின் பெரும்பகுதி கயோலினைட், இல்லைட், குளோரைட் போன்ற களிமண் கனிமங்களோடு பிணைந்திருக்கிறது. சிறு பங்கு மட்டுமே கரிமப் பகுதியோடு சேர்ந்திருக்கக்கூடும்.

இதை எப்படி அறிகிறார்கள்? பல மாதிரிகளை ஒப்பிடும்போது, சாம்பலும் அலுமினியமும் மிகுந்த நிலக்கரியில் பொதுவாக லித்தியமும் மிகுந்திருக்கிறது. அலுமினியம் களிமண்ணின் முக்கியக் கூறு. எனவே, இரண்டும் சேர்ந்தே உயர்வது லித்தியம் களிமண்ணில் இருப்பதைக் காட்டுகிறது.

எப்படிச் சேர்ந்தது?

ஜுங்கார் நிலக்கரி சுமார் 300 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் சதுப்பு நிலமாக இருந்தது. மடிந்த தாவரங்கள் அங்கே அடுக்கடுக்காகப் படிந்தன. அதற்கு வடக்கே யின்ஷான் மேட்டு நிலத்தில் கிரானைட் பாறைகள் இருந்தன. அருகில் உயர்ந்து நின்ற நிலப்பகுதியில், சிதைந்த பாறையிலிருந்து உருவான பாக்சைட் படிவுகளும் இருந்தன.

மழையும் வெயிலும் அந்தப் பாறைகளைச் சிதைத்தன. அலுமினியமும் லித்தியமும் கொண்ட நுண்மண்ணை நீரோட்டம் சதுப்பு நிலத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அந்த மண் தாவரப் படிவோடு கலந்து, புதைந்து, பின்னர் நிலக்கரி அடுக்கின் பகுதியாகவே ஆனது.

வேறு வழிகளிலும் லித்தியம் சேர்வதுண்டு. எரிமலைச் சாம்பல் சதுப்பு நிலத்தில் விழுந்து களிமண்ணாக மாறலாம். நிலக்கரி அடுக்குகளுக்கு இடையிலுள்ள மண் அடுக்கிலிருந்து நிலத்தடி நீர் லித்தியத்தைக் கரைத்து, கீழேயுள்ள கரியில் சேர்க்கலாம். பூமியின் ஆழத்திலிருந்து எழும் வெந்நீர்க் கரைசல்களும் அதைக் கொண்டுவரலாம். ஒரே வயலில் இவற்றுள் பல காரணங்கள் சேர்ந்து செயல்படுவதும் உண்டு.

எரித்த பிறகு

நிலக்கரியை எரிக்கும்போது கரி போய்விடுகிறது; களிமண் சாம்பலாகத் தங்கிவிடுகிறது. லித்தியத்தின் பெரும்பகுதியும் அந்தச் சாம்பலோடு நிற்கிறது. எடுத்துக்காட்டாக, ஒரு டன்னில் 120 கிராம் லித்தியம் கொண்ட நிலக்கரி எரிந்து 200 கிலோ சாம்பல் எஞ்சினால், அந்தச் சாம்பலில் லித்தியத்தின் செறிவு ஏறக்குறைய ஐந்து மடங்காகும். அதாவது, ஒரு டன் சாம்பலுக்குச் சுமார் 600 கிராம்.

ஆயினும், ஆஸ்திரேலியப் பாறைத் தாதுவில் ஒரு டன்னுக்குக் கிலோ கணக்கில் லித்தியம் கிடைக்கிறது. மேலும், உலையின் வெப்பத்தில் களிமண் உருகிக் கண்ணாடி போல் இறுகுவதால், லித்தியம் அதற்குள் சிக்கிக்கொள்கிறது. அமிலமோ காரமோ கொண்டுதான் அதைப் பிரிக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவும், பிறகு எஞ்சும் கழிவும் சிறியவை அல்ல.

ஆகவே, லித்தியத்துக்காக மட்டும் நிலக்கரிச் சாம்பலைப் பதப்படுத்துவது கட்டுப்படியாவது கடினம். ஜுங்கார் சாம்பலில் அலுமினா மிக அதிகம். காலியம் என்னும் உலோகமும் உண்டு. மூன்றையும் சேர்த்து எடுத்தால் வழி பிறக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு.

லித்தியத்தைக் காரணம் காட்டி மேலும் நிலக்கரியை எரிப்பதற்கு இந்த ஆய்வுகள் இடம் தரவில்லை. ஏற்கெனவே எரித்துக் குவித்த சாம்பலிலிருந்து பயன் காண முடியுமா என்பதே இப்போதுள்ள கேள்வி. அதற்கும் எல்லாச் சாம்பலும் உதவாது. அந்த நிலக்கரி பிறந்த சதுப்பு நிலத்தைச் சுற்றி எந்தப் பாறைகள் இருந்தன என்பதே அதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது.