அரைமணி நேரக் குத்தகை

தாமிரபரணிப் பாசனத்தில் நிலத்தைப் பயிரிடுவதற்கு மூன்று ஏற்பாடுகள் உண்டு. வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. கட்டுக்குத்தகை என்றால் விளைந்தாலும் சாவியாகப் போனாலும் பேசிய கோட்டை நெல்லை அளந்தாக வேண்டும். மூன்றாவது, கூலி. தமிழ் டெலிவிஷன் தொடர்களைத் தயாரித்த சுயேச்சை ஸ்தாபனங்களின் சரித்திரத்தை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொற்கள்தான் முன்னால் வருகின்றன. நம் சிறுபத்திரிகை வட்டாரத்தில் தொடர்களைப் பற்றி எழுதியவர்கள், எழுதியது கொஞ்சம்தான், அழுகை, பழிவாங்கல், மாமியார் என்று உள்ளடக்கத்தோடு நின்றுவிட்டார்கள். அந்த அரைமணி நேரம் யாருடைய சொத்து என்ற கேள்வியை எழுப்பவில்லை. ரசனைக் குறைவு என்று நாம் பெயர் வைத்த பல விஷயங்களுக்கு மூலம் அந்தக் கேள்வியில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்டு 15-ல் தொடங்கியது. அது சென்னையின் டெலிவிஷன். நெல்லைச் சீமைக்கு அதனால் ஆனது ஒன்றுமில்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பிறகு, தூத்துக்குடி, திருச்செந்தூர்க் கரையோரத்தில் வசதி உள்ளவர்கள் இரும்புக் குழாயை உயர்த்தி, ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி வைத்தார்கள். தலைநகரத்தை விட அயல்நாடு கிட்டத்தில் இருந்தது. கொடைக்கானல் கோபுரத்திலிருந்து ஒளிபரப்பு வந்த பின்னர்தான் இந்த ஆன்டெனாக்கள் வடக்கே திரும்பின.

ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் படம் காட்டியது சர்க்கார்தான். தனியார் தயாரிப்பாளர் உள்ளே நுழைந்தது எண்பதுகளின் நடுவில். 1984-ல் இந்தியில் 'ஹம் லோக்' வந்ததும், செலவை விளம்பரதாரர் ஏற்கும் ஸ்பான்சர் முறை நிலைபெற்றது. நிலையத்துக்கு ஒரு கட்டணம் கட்டிவிட்டு, பதிலுக்குக் கிடைக்கும் சில நிமிஷ விளம்பர நேரத்தை வைத்துக்கொள்ளலாம். ஏவி.எம். இந்த வழியாக வந்துதான் சிவசங்கரியின் 'ஒரு மனிதனின் கதை'யை ரகுவரனை வைத்துத் தொடராக எடுத்தது. பாலசந்தரும் 'ரயில் சிநேகம்' மூலம் இந்தச் சாதனத்துக்கு வந்தார். கவனிக்க வேண்டியது, நேரத்தைக் குத்தகைக்கு விடும் யோசனை தனியார் சானலின் கண்டுபிடிப்பு அல்ல. சர்க்கார் போட்ட விதை அது.

1993 ஏப்ரல் 14-ல் சன் டி.வி. வந்தது. அதை நடத்தியவர்கள் அதற்கு முன் 'பூமாலை' என்று வீடியோ காஸெட்டில் செய்திப் பத்திரிகை நடத்திப் பார்த்தவர்கள். 1994-ல் வந்த ராஜ் டி.வி.யின் சகோதரர்களும் சினிமா வீடியோ காஸெட் வியாபாரத்திலிருந்து வந்தவர்களே. அதாவது தமிழில் சாட்டிலைட் டெலிவிஷனைத் தொடங்கியவர்களுக்கு விநியோகம் தெரிந்திருந்தது. நாள்தோறும் நாடகம் எடுக்கும் ஸ்டூடியோ அவர்களிடம் இல்லை. ஆகவே நேரத்தை அரைமணி அரைமணியாக வரப்புக் கட்டி வெளியே விட்டார்கள். தயாரிப்பாளர் ஸ்லாட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். படப்பிடிப்புச் செலவும் அவருடையது. விளம்பர நிமிஷங்களை விற்று எடுத்துக்கொள்ள வேண்டும். அசல் கட்டுக்குத்தகை.

இந்த நிலத்தில் பெரிதாக விளைவித்தவர் ராதிகா. 1994-ல் ராடான் என்ற பெயரில் சிறியதாகத் தொடங்கி, 1999-ல் கம்பெனியாக்கி, பிற்பாடு பங்குச் சந்தை வரைக்கும் கொண்டுபோனார். 1999 கடைசியில் தொடங்கிய 'சித்தி' 2001 வரை ஓடியது. பிறகு 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே', 2013 முதல் 2018 வரை 'வாணி ராணி'. இரவு ஒன்பதரை மணி என்பது ராதிகாவின் வயல் என்றே ஆகிப்போனது. சினிமாவில் கதாநாயகியாக இருந்த ஒரு பெண், வயது கூடியதும் அம்மா வேஷத்துக்குத் தள்ளப்படும் ஒரு தொழிலில், முதலாளியாகவும் கதையின் மையமாகவும் ஒரே சமயத்தில் இருந்தது சாதாரண காரியமில்லை. அந்தத் தொடர்களின் கலைத்தரம் பற்றி எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் அந்த ஸ்தாபனத்தின் மீது உண்டு.

கடன் மனுக்களைப் புரட்டிப் பிழைப்பவன் என்பதால் இந்தத் தொழிலின் வரவு செலவை ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்கிறேன். ஸ்லாட் பணத்துக்குக் காத்திருக்கத் தெரியாது. விளம்பர ஏஜென்ஸியோ இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் பணம் தரும். நடுவில் நடிகருக்கும் லைட்மேனுக்கும் அன்றன்று கொடுக்க வேண்டும். ஈடாக வைக்க நிலமோ கட்டடமோ இல்லை. இருப்பதெல்லாம் வரவேண்டிய பாக்கியும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கதையும். 1998-ல் மத்திய சர்க்கார் சினிமாவைத் தொழிலாக அங்கீகரித்தது என்றாலும், நாளைக்கு ஸ்லாட் இருக்குமா என்று சொல்ல முடியாதவருக்கு எந்த மானேஜர் கையெழுத்துப் போடுவார்? பயிரிடும் குத்தகைதாரரை நினைத்த மாத்திரத்தில் வெளியேற்ற முடியாதபடி 1955-லேயே சட்டம் வந்தது. அரைமணி நேரத்தை உழுகிறவனுக்கு அப்படி ஒன்று இல்லை.

மெகா தொடர் ஏன் முடிவதில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. கதை முடிந்தால் வயல் கைமாறலாம். புதிய கதைக்குப் புதிய வீடு, புதிய முகங்கள், பார்ப்பவர்கள் பழகும் வரை விளம்பரம் குறைவு. பழைய கதையை இழுத்தால் போட்ட செட்டின் செலவு ஆயிரம் பகுதிகளுக்குப் பங்காகிறது. விகடன் தயாரித்த 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை ஆயிரத்து ஐந்நூறு பகுதிகளைத் தாண்டியதை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். தொண்ணூறுகளில், தொடர் வாரம் ஒரு முறை வந்த காலத்தில், பாலசந்தரின் மின்பிம்பங்கள் நாகாவை வைத்து எடுத்த 'மர்மதேசம்' கதைகளுக்குத் தொடக்கமும் முடிவும் இருந்தன. பாலு மகேந்திரா 'கதை நேர'த்தில் தமிழ்ச் சிறுகதைகளை வாரத்துக்கு ஒன்றாகப் படமாக்கினார், ஐம்பத்திரண்டோடு நின்றது. ஒவ்வொரு வாரமும் புது விதை, புது உழவு. இலக்கியத்துக்குத் தமிழர் காட்டும் அலட்சியம் என்று அதைப் பற்றி அங்கலாய்ப்பது சுலபம். வரவு செலவு தெரிந்தவனுக்கு ஐம்பத்திரண்டு வாரம் தாக்குப்பிடித்ததே ஆச்சரியம்.

வயலைப் போலவே வாய்க்காலும் முக்கியம். ஸ்ரீவைகுண்டம் கடைமடைக்காரரைக் கேட்டால் சொல்வார். சன் குடும்பம் தொண்ணூறுகளிலேயே சுமங்கலி கேபிள் விஷன் மூலம் வாய்க்காலையும் கைக்குள் கொண்டுவந்தது. 2007-ல் குடும்பத்துக்குள் பிணக்கு ஏற்பட்டபோது சர்க்கார் அரசு கேபிள் கார்ப்பரேஷனை ஆரம்பித்தது. அதன் கட்டுப்பாட்டு அறைகளில் ஒன்று திருநெல்வேலியில். பிணக்கு தீர்ந்ததும் அது முடங்கிக் கிடந்து, ஆட்சி மாறி 2011-ல் மாதம் 70 ரூபாய்க்கு மறுபடி உயிர்பெற்றது. தயாரிப்பாளர்கள் இதில் எங்கும் ஒரு தரப்பாக இல்லை. எவ்வளவு பெரிதாக வளர்ந்தபோதும் அவர்களிடம் ஒரு வாய்க்கால்கூட இருக்கவில்லை.

ஆனால் கட்டுக்குத்தகையில் ஒரு லாபம் இருந்தது. விளைச்சல் உழுதவனுடையது. 'சித்தி' தெலுங்கில் 'பின்னி' ஆனபோதும் உரிமை ராடானிடம் இருந்தது. 2018-ஐ ஒட்டி சன் டி.வி. தன் முக்கிய நேரங்களை ஸ்லாட் விற்பனையிலிருந்து கமிஷன் முறைக்கு மாற்றத் தொடங்கியது. இதில் சானலே பகுதிக்கு இவ்வளவு என்று கொடுக்கும்; விளம்பரம் சானலுக்கு, உரிமையும் சானலுக்கு. தயாரிப்பாளருக்கு நஷ்ட பயம் இல்லை. ராத்திரி தூக்கம் வரும். கூலிக்காரனுக்கும் மழையைப் பற்றிய கவலை கொஞ்சம் குறைவுதான்.

இன்று 'சித்தி', 'அண்ணாமலை' பகுதிகள் யூடியூபில் ராடான் பெயரிலேயே கிடைக்கின்றன. 'கோலங்கள்' விகடன் பெயரில். 'மர்மதேசம்' கவிதாலயா பெயரில். கமிஷன் முறையில் எடுக்கப்படும் தொடர்கள், ஒளிபரப்பு முடிந்ததும், சானலின் சன் நெக்ஸ்ட் செயலிக்குப் போய்ச் சேர்கின்றன.