கடன் வாங்காத மெட்டு

உத்தமபாளையம் பக்கம் போயிருக்கிறீர்களா? முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற வயல்கள், அண்ணாந்து பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை. அந்தக் கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரம் கிராமத்திலிருந்து ஒரு பாட்டுக் குழு புறப்பட்டது. பெயர், ‘பாவலர் பிரதர்ஸ்’! அண்ணன் பாவலர் வரதராஜன், தம்பிகள் பாஸ்கர், ராசையா, அமர்.

கம்யூனிஸ்ட் கட்சி மேடைகள்தான் அவர்களுடைய சபா. ஊருக்கே தெரிந்த சினிமா மெட்டை எடுத்துக்கொண்டு, கட்சிக் கருத்தை அதில் பாட்டாக வைப்பார் பாவலர். 1958-ல் மலைக்கு மேலே கேரளாவின் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். தேயிலைத் தோட்டங்களில் நம் தமிழ்த் தொழிலாளர்கள். பாவலரின் பாட்டுக்கு அங்கே அப்படியொரு வரவேற்பு. கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார்.

எல்லாம் சரி... வார்த்தை சொந்தம், மெட்டு அடுத்தவருடையதாச்சே!

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் கதையும் அதுதான். கிடாரும் கையுமாக அமெரிக்கப் பாட்டுகளைப் பாடித் திரிந்த பையன்கள். 1963-ல் வந்த முதல் ஆல்பத்தில் 14 பாட்டு. அதில் 6 பிறர் எழுதியவை. மறு வருஷமே ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ ஆல்பத்தில் 13-ம் சொந்தச் சரக்கு!

நம்ம ராசையாவுக்கு இன்னும் கொஞ்சம் அதிக காலம் பிடித்தது. 1968-ல் சென்னை வந்தார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை கற்றார். சலீல் சௌத்ரியிடம் கிடார் வாசித்தார். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். பாக், மொஸார்ட் எல்லாம் விரல் நுனிக்கு வந்தாயிற்று. ஆனால், பாட்டு அத்தனையும் மற்றவர் பெயரில்!

அப்புறம்தான் பஞ்சு அருணாசலத்தைச் சந்திக்கிறார். மேஜையில் தாளம் தட்டியபடி சில மெட்டுகளைப் பாடிக் காட்டுகிறார். எல்லாம் வயல் வாசனை அடிக்கிற கிராமத்து மெட்டுகள். பஞ்சு அசந்துபோனார். ‘அன்னக்கிளி’ வாய்ப்பு வந்தது. ஒலிப்பதிவு ஆரம்பித்த நேரத்தில் கரன்ட் போய்விட, ‘அபசகுனம்’ என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. 1976 மே மாதம் படம் வந்தது. பட்டிதொட்டியெல்லாம் அதே பாட்டு! ஏ.எம்.ராஜா ஏற்கெனவே இருந்ததால், ராசையா ‘இளையராஜா’ ஆனார்.

கவனியுங்கள். சென்னையில் கற்ற வித்தையைக் காட்ட அவர் மேல்நாட்டு மெட்டைத் தேடிப் போகவில்லை. அம்மா சின்னத்தாயிடமும் நடவு வயலிலும் காதில் விழுந்ததை எடுத்தார். அதற்குப் பக்கத்துணையாகத்தான் கிடாரையும் வயலினையும் நிற்க வைத்தார். கற்றது கருவியாச்சு, பிறந்த மண் குரலாச்சு. சோகம் என்னவென்றால், இதைக் கேட்க பாவலர் இல்லை. 1973-லேயே காலமாகிவிட்டார்.

1986-ல் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக ஓர் ஆல்பம் போட்டார் இளையராஜா. தலைப்பு: ‘ஹவ் டு நேம் இட்?’. ‘இதற்கு என்ன பெயர் வைப்பது?’ என்று அவரே நம்மைக் கேட்கிறார்! 2025 மார்ச் 8 அன்று, பீட்டில்ஸ் பிறந்த அதே இங்கிலாந்தில், லண்டன் மேடையில் அவருடைய ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியது.

கடன் வாங்கிய மெட்டில் தொடங்குவது தப்பே இல்லை சார். அதிலேயே தங்கிவிடாமல் இருந்தால் போதும்!