சபையின் முகவரிகளைக் காத்த தபால்கார ஐயா

நம் ஆலயச் சுவரில் பதித்திருக்கும் பளிங்குக் கற்களில் மிஷனெரிமார் பெயர் இருக்கிறது, நிலம் கொடுத்தவர்கள் பெயர் இருக்கிறது, மணி வாங்கித் தந்த குடும்பத்தின் பெயரும் இருக்கிறது. தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்து, கர்த்தருக்குள் நித்திரையடைந்த தபால்கார ஐயாவின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. ஊரைவிட்டுப் போன பிள்ளைகளையும் கைவிடாத சபை என்று நமக்கு ஒரு பெயர் உண்டே, அதில் பாதி அவர் உழைப்பு. அசன விழா மலரில் அதை எழுதி வைக்காவிட்டால் வேறெங்கே எழுதுவது?

தேரிக்காட்டு ஊர்களில் பனையை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாதவர்கள் கொழும்புக்கும் பம்பாய்க்கும் கோலார் தங்கவயலுக்கும் போனார்கள். அவர்கள் அனுப்பிய மணியார்டரில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. ஆலயத்துக்குக் கூரை மாற்றியதும் அந்தப் பணத்தில்தான். 1880இல் தபால் இலாகா தொடங்கிய மணியார்டர், நம் ஊரில் ஐயாவின் தோல்பையில் வந்து இறங்கியது.

மணியார்டர் பாரத்தின் அடித்துண்டில் செய்தி எழுதக் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். திண்ணையில் உட்கார்ந்ததும் ஐயா முதலில் அதைத்தான் வாசிப்பார். "ஆச்சி, தம்பி சொகமா இருக்கானாம். பத்து ரூவா கோயிலுக்குப் போடணுமாம்." தாழ்ந்த குரலில்தான் வாசிப்பார். அடுத்த வீட்டிலிருந்து யாராவது எட்டிப் பார்த்தால் நிறுத்திவிடுவார். கைநாட்டுக்குச் சாட்சி வேண்டுமே, அந்த ஆளைக் கூப்பிடுவதும் செய்தி முழுவதையும் வாசித்து முடித்த பிறகுதான். பிறகு மைப்பெட்டி திறக்கும். ஆச்சியின் இடது பெருவிரலைப் பிடித்து மெல்ல உருட்டுவார். மருமகள் கை நீட்டினாலும் கொடுக்கமாட்டார். பாரத்தில் யார் பெயரோ அவர் உள்ளங்கையில்தான் ரூபாயை எண்ணி வைப்பார்.

யாருடைய மகன் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டான், யாருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது, எந்த வரன் தட்டிப்போனது எல்லாம் அவருக்குத் தெரியும். டீக்கடையிலும் சரி, கோயில் நடையிலும் சரி, ஒரு சொல் வெளியே வந்ததில்லை. சபையில் இரண்டு கட்சியாக நின்ற காலத்தில்கூட, பொருளாளர் யார் என்ற கேள்வி வந்தால் இரண்டு தரப்பும் அவரையே சொன்னார்கள். படிப்போ வசதியோ அதற்குக் காரணமில்லை என்பது பெரியவர்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் மணிக்கே வந்துவிடுவார். ஆராதனை முடிந்து காணிக்கை எண்ணும் மேசையில் காசுகளை வகைவகையாக அடுக்கி, அன்றைக்கே ஏட்டில் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். பெண்கள் உலை வைக்கும்போது எடுத்து வைத்த கைப்பிடி அரிசியை ஏலம் விட்ட பணத்தையும் அவர்தான் இந்திய மிஷனெரி சங்கத்துக்கு அனுப்பிவைப்பார். 1903இல் பாளையங்கோட்டையில் உருவான அந்தச் சங்கத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவர், இதே தேரிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா. தோர்ணக்கலின் பேராயராக உயர்ந்தவர். அந்த மணியார்டர் ரசீதுகளை ஐயா கம்பியில் குத்தி வைத்திருந்தார். நம் சபையின் மிஷனெரிக் காணிக்கை வரலாற்றை அவற்றிலிருந்துதான் தொகுக்க முடிந்தது.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. போட் மெயில் ரயிலும் தலைமன்னார்க் கப்பலும் சந்தித்த இடம் அது. அந்தக் கிறிஸ்துமஸ் நாட்களில், கொழும்பில் பிள்ளைகள் இருந்த வீடுகளுக்கெல்லாம் தபால் இல்லாமலே போய், "பாதை அறுந்து கெடக்கு தாயி, அதான் கடுதாசி வரல, மனச விட்டுறாதீங்க" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தாராம். கொண்டுபோக ஒன்றும் இல்லாத நாளிலும் நடந்தார் என்பதை இன்றைக்கும் முதிய பெண்கள் சொல்லக் கேட்கலாம்.

அதன்பிறகுதான் அந்த நீளமான நோட்டைத் தொடங்கினார். வெளியூரில் இருக்கும் சபையார் ஒவ்வொருவருக்கும் அதில் ஓர் இடம் உண்டு. 1972 ஆகஸ்ட் 15இல் பின்கோடு நடைமுறைக்கு வந்ததும், இந்திய முகவரிகள் அனைத்துக்கும் ஆறு இலக்கத்தைச் சிவப்பு மையில் சேர்த்தார். 1983 கலவரத்துக்குப் பிறகு கொழும்புப் பக்கங்களில் நிறைய அடித்தல்கள். 2001இல் தங்கவயல் சுரங்கம் மூடியதும் அந்த முகவரிகள் பெங்களூரு என்று மாறுகின்றன. அப்போது அவர் ஓய்வுபெற்று வெகுகாலம் ஆகியிருந்தது. 58 வயதில் தோல்பையை இறக்கி வைத்தவர், நோட்டை இறக்கி வைக்கவில்லை.

அசனப் பத்திரிகைகளை உறை ஒட்டாமல் புக் போஸ்ட்டில் போட்டால் செலவு குறையும் என்று கமிட்டிக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். வாலிபர் சங்கப் பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்து, மாவட்ட வாரியாகப் பிரித்துக் கட்டச் சொல்வார். இன்றைக்குச் சபை அலுவல்களைக் கவனிக்கும் பலர் அந்தப் பாயில் உட்கார்ந்து பழகியவர்கள். கண் மங்கிய வயதிலும், செல்போன் எண் மட்டும் கொடுத்தவரை அவர் விட்டதில்லை. "கதவு நம்பரையும் பின்கோடையும் சொல்லு மக்கா" என்பார்.

அடக்க ஆராதனையன்று, அவர் கடிதம் கொடுத்து வந்த பள்ளிவாசல் தெருவிலிருந்தும் அம்மன் கோயில் தெருவிலிருந்தும் வந்தவர்கள் ஆலய வாசல்வரை நின்றார்கள்.

அவருடைய நோட்டு இப்போது சபைச் செயலாளரிடம் இருக்கிறது. இந்த விழாவின் அழைப்புகளும் அதைப் பார்த்துத்தான் போயின. சில திரும்பி வந்திருக்கின்றன. வீடு மாறியவர்கள் புதிய முகவரியைப் பின்கோடோடு எழுதி அனுப்புங்கள். ஐயா எழுதிய வரிக்குக் கீழேயே இடம் இருக்கிறது, சேர்த்துக்கொள்கிறோம்.