டிக்ஸ்டர்: விலைபோகாமல் கிடந்த ஒரு பண்ணை வீட்டின் கதை

பழைய வீட்டை வாங்கிப் புதுப்பிப்பது என்றால் ஓடு மாற்றி, வெள்ளையடித்துக் குடிபோவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் பல நூற்றாண்டு கண்ட வீடு என்றால் முதலில் ஒரு கேள்வி வந்து நிற்கும். அதன் எந்தக் காலத்தை நாம் காப்பாற்றப் போகிறோம்? இங்கிலாந்தின் கிரேட் டிக்ஸ்டர் வீடு இதற்கு நல்ல உதாரணம்.

கிழக்கு சஸ்ஸெக்ஸில் நார்த்தியம் என்ற கிராமத்தில் இருக்கிறது இந்த வீடு. 15ஆம் நூற்றாண்டின் நடுவில் ஓக் மரச்சட்டங்களால் கட்டப்பட்டது. அந்தக் கால வழக்கப்படி நடுவில் கூரை வரை திறந்த ஒரு பெரிய கூடம். புகைபோக்கி கிடையாது. கூடத்தின் நடுவிலேயே தீ மூட்டுவார்கள், புகை கூரை வழியாக வெளியேறும். பிற்காலத்தில் புகைபோக்கி வந்த பிறகு, இவ்வளவு உயரமான கூடம் வீண் என்று தோன்றியது. இடையில் தளம் போட்டார்கள், தடுப்புகள் வைத்தார்கள். கூடம் சிறு சிறு அறைகளாகிவிட்டது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது விவசாய நிலத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த சிதிலமான வீடு. சுமார் பத்து ஆண்டுகள் விற்பனைக்குக் கிடந்தும் விலைபோகவில்லை. 1910இல் நதானியல் லாயிட் இதை வாங்கினார். அவர் அச்சுத் தொழிலில் பொருள் ஈட்டியவர். வீட்டைச் சீரமைக்க எட்வின் லட்யென்ஸை அழைத்தார். பின்னாளில் புதுதில்லியை வடிவமைத்த அதே லட்யென்ஸ்தான்!

லட்யென்ஸ் இடைத்தளங்களையும் தடுப்புகளையும் அகற்றினார். நூற்றாண்டுகளாக மறைந்திருந்த கூடம் மறுபடி வெளிப்பட்டது. ஆனால் லாயிட் குடும்பத்துக்கு இடம் போதவில்லை. அப்போது பக்கத்து மாவட்டமான கென்ட்டில், பெனன்டன் என்ற ஊரில், இடிபடவிருந்த இன்னொரு மரச்சட்ட வீடு கண்ணில் பட்டது. அதை 75 பவுண்டுக்கு வாங்கினார்கள். சட்டங்களுக்கு எண்ணிட்டு, கழற்றி, டிக்ஸ்டருக்குக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தினார்கள்.

வீட்டைக் கழற்றிக் கொண்டுவர முடியுமா என்று கேட்கலாம். அந்தக் காலத் தச்சு வேலையே அதற்கு வழிவிடுகிறது. ஒரு சட்டத்தின் முனையை இன்னொன்றின் துளையில் செருகி, குறுக்கே மர ஆணி அடித்துவிடுவார்கள். ஆணியைத் தட்டி எடுத்தால் சட்டம் பிரிந்துவிடும். இந்த இரண்டு பழைய வீடுகளையும் இணைக்க லட்யென்ஸ் தன் காலத்துப் புதிய பகுதி ஒன்றைக் கட்டினார். 1912இல் மூன்றும் ஒரே வீடாயின.

இது சரியா? இங்கிலாந்தில் 1877இலேயே வில்லியம் மோரிஸும் நண்பர்களும் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். பழுது பாருங்கள், பழைய காலத்துக்குத் திருப்புகிறேன் என்று பிற்காலச் சேர்க்கைகளை அழிக்காதீர்கள் என்பது அவர்கள் கொள்கை. அப்படிப் பார்த்தால் டிக்ஸ்டரில் ஒரு இழப்பு உண்டு. இடைத்தளம் போட்டு வாழ்ந்த பண்ணைக் குடும்பங்களின் வரலாறு அந்தப் பலகைகளோடு போய்விட்டது. பெனன்டன் வீடும் தன் மண்ணை இழந்தது.

மறுபக்கமும் இருக்கிறது. யாரும் வாங்காமல் விட்டிருந்தால் டிக்ஸ்டர் மேலும் சிதைந்திருக்கும். பெனன்டன் வீடு விறகாகியிருக்கலாம். லாயிட் வாங்கியதோடு நிற்கவுமில்லை. கட்டடக்கலை வரலாற்றைத் தானே கற்று, ஆங்கிலேயச் செங்கல் வேலையைப் பற்றி 1925இலும், ஆங்கிலேய வீட்டைப் பற்றி 1931இலும் நூல்கள் எழுதினார். அந்த வீட்டில் 1921இல் பிறந்த மகன் கிறிஸ்டோபர், புகழ்பெற்ற தோட்டக்கலை எழுத்தாளர் ஆனார். 2006இல் இறக்கும்வரை அந்தத் தோட்டத்தை வளர்த்தார். பழைய பண்ணைக் கொட்டகைகள் இடிபடாமல் அந்தத் தோட்டத்துக்குள்ளேயே நிற்கின்றன.

என் கருத்து இதுதான். பெனன்டன் வீட்டைப் பெயர்த்தது நியாயமே, ஏனென்றால் அதற்கு வேறு கதி இல்லை. கூடத்தைத் திறந்ததில் மட்டும் லாபமும் நட்டமும் கலந்திருக்கின்றன. பழைய வீட்டை வாங்குபவர், எதையும் பெயர்க்கும் முன் அதை வரைந்தும் படமெடுத்தும் வைக்கவேண்டும். அகற்றிய பலகையைத் திரும்பக் கொண்டுவர முடியாது, அது எங்கே, ஏன் இருந்தது என்பதையாவது அடுத்தவருக்குச் சொல்லிவிட்டுப் போகலாம்.